அவையும் செவியும்

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு ஓசூர் வட்டாரத்தின் வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, நடுகற்களைப் பற்றி எழுதுவதென்றே முதலில் எண்ணியிருந்தேன். அதற்கான குறிப்புகளும் கையில் இருந்தன. ஆனால் பத்தாண்டுகளின் வருகைப் பதிவேட்டையும் கூட்டக் குறிப்பேட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தபின் மனம் மாறிற்று. நம் கூட்டங்களில் பேசியவர் யார், பேசாதிருந்தவர் யார், சிலகாலம் வந்து நின்றுபோனவர் யார் என்னும் கணக்கு அவ்விரு ஏடுகளுக்கும் இடையில் மறைந்து கிடக்கின்றது. ஆகவே, பலர் ஒருங்கு கூடிப் பேசுதல் என்னும் செயலுக்குத் தமிழ்நிலத்திலும், நம் எல்லை வட்டாரத்திலும் உள்ள வரலாற்றில் சில பகுதிகளை இங்கே எழுதத் துணிந்தேன். நடுகற்கள் காத்திருக்கும், அவை காத்திருந்து பழகியவை.

ஓசூர் என்னும் பெயருக்குக் கன்னடத்தில் புதிய ஊர் என்பது பொருள். புதிய ஊருக்குப் பழைய பெயர் ஒன்று இருந்தாக வேண்டுமல்லவா? கல்வெட்டுகளில் இவ்வூர் செவிடபாடி என வழங்கப்பட்டிருக்கிறது. அப்பெயர் எக்காரணத்தால் வந்ததாயினும், கூடிப் பேசுவதைப் பற்றி எழுத அமர்ந்தவன் செவிடபாடியில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறான் என்பது எனக்கே நகைப்பைத் தருகின்றது. எனினும் இந்த நகைப்பில் ஒரு செய்தியும் உண்டு. நம் இலக்கிய மரபு தன் முதற் பெரும் விவாதத்திற்கு நடுவராக அமர்த்தியது நாவன்மை மிக்க புலவர் ஒருவரை அன்று. வாய்பேசாத ஒரு சிறுவனை.

இறையனார் அகப்பொருள் உரை கூறும் அக்கதையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அகப்பொருள் நூலுக்குப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் ஆளுக்கோர் உரை கண்டனர். எது மெய்யுரை என்பதில் முடிவு எட்டவில்லை. அப்போது உப்பூரிகுடி கிழாரின் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுச் சிறுவனை, அவன் ஊமை என்று கருதி இகழாமல், அழைத்துவந்து உயர்ந்த இருக்கையில் அமர்த்தினர். ஒவ்வொருவராக உரை வாசித்தனர். மதுரை மருதன் இளநாகனார் உரைத்தபோது சிற்சில இடங்களில் சிறுவனின் கண்ணில் நீர் வந்தது, உடல் சிலிர்த்தது. நக்கீரர் உரைத்தபோதோ சொல்தோறும் அவ்வாறு நிகழ்ந்தது. அதுவே மெய்யுரை என்று முடிவாயிற்று.

இக்கதை வரலாறா, புனைவா என்பது தனிக் கேள்வி. புனைவென்றே கொள்வோம். அப்புனைவைச் செய்தவர் ஓர் அவையைப் பற்றி என்ன அறிந்திருந்தார் என்பதே நமக்குப் பயன்படுவது. நாற்பத்தொன்பது பேரும் பேசத் தெரிந்தவர்கள். கேட்கத்தான் ஆள் இல்லை. தமக்குள் ஒருவர் உரையை மற்றவர் கேட்டிருந்தால் சிறுவனைத் தேடிப் போயிருக்க வேண்டியதே இல்லை. தமக்கென ஓர் உரை இல்லாதவனே பிறர் உரையை முழுமையாகக் கேட்கக் கூடியவன் என்பதை அந்தக் கதாசிரியர் உணர்ந்திருக்கிறார். நம் கவியரங்குகளில் தம் கவிதையை வாசித்து முடித்தவுடன் கைப்பையைத் தேடும் நண்பர்களை (என்னையும் சேர்த்தே சொல்கிறேன்) இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

இலக்கிய அவையை விட்டு ஊரவைக்கு வருவோம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் முதலாம் பராந்தகன் காலத்தில் பொறிக்கப்பட்டவற்றை, எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். குடவோலை முறையைப் பற்றி மேடைதோறும் பேசியாயிற்று. ஆனால் அவை உறுப்பினரைத் தெரிவு செய்வதைப் பற்றியே அக்கல்வெட்டுகள் மிகுதியும் பேசுகின்றன. தெரிவான பிறகு அவைக்குள் அமர்ந்து எப்படிப் பேசுவது என்பதைச் சொல்லும் கல்வெட்டு அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியது. அது திருநெல்வேலிக்கு அருகிலுள்ள மானூரில், ஏறத்தாழக் கி.பி. 800ஐ ஒட்டிய காலத்தில், பாண்டியன் மாறஞ்சடையன் ஆட்சியில் எழுந்தது. அவையில் பேசும் தகுதி யாருக்கு என்று வரையறுத்தபின் அது இன்னொன்றையும் சேர்க்கிறது. கொண்டுவரப்படும் ஒவ்வொரு செயலுக்கும் 'அன்று, அன்று' என்றே சொல்லித் தடை செய்பவர் ஐந்து காசு தண்டம் செலுத்த வேண்டும். அவருக்குத் துணை நிற்போர்க்கும் அதுவே தண்டம்.

மறுப்புக்கே தண்டம் என்று இதைப் பிழைபடக் கொள்ளக் கூடாது. எந்தப் பொருளாயினும் மறுப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு விதித்த தண்டம் இது. ஒரு கூட்டத்தில் அப்படிப்பட்ட ஒருவரேனும் அமர்ந்து, பலமுறை கூட்டம் குலைந்து, பொறுத்துப் பொறுத்துப் பார்த்துச் சலித்த பின்னரே கல்லில் இப்படி வெட்டத் தோன்றியிருக்கும். அவர் பெயரைக் கல்வெட்டு சொல்லவில்லை. ஆயிரத்திருநூறு ஆண்டுகள் கழித்தும் அவரை நமக்கு அடையாளம் தெரிகிறது என்பதே வியப்பு. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மானூர், உத்திரமேரூர் அவைகள் நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணரின் அவைகள். பெண்களுக்கும் உழுகுடிகளுக்கும் அங்கே பேச்சே இல்லை. ஆதலால் தண்டமும் இல்லை.

திருக்குறள் இதே பொருளுக்குச் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்களை ஒதுக்கியிருப்பதை விரிக்கப் புகவில்லை. அவை அமைச்சனை நோக்கியவை. அரசன் முன்னும் கற்றோர் முன்னும் ஒருவன் எழுந்து நிற்கும் நிலை வேறு. ஒத்தவர் பலர் வட்டமாக அமர்ந்து பேசும் நிலை வேறு. பின்னதற்குத் தமிழில் இலக்கணம் செய்தவர் பவணந்தி முனிவர் என்பது என் கருத்து. அந்த இலக்கணம் பிறந்ததில் நம் எல்லைப்புறத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

நன்னூலைச் செய்வித்தவன் அமராபரணன் சீயகங்கன் என்று அதன் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. அவன் மூன்றாம் குலோத்துங்க சோழனுக்கு (1178–1218) அடங்கிய கங்கர் மரபுச் சிற்றரசன். கல்வெட்டுகளில் அவன் தாங்கும் பட்டம் குவளாலபுரப் பரமேசுவரன் என்பது. குவளாலபுரம் இன்றைய கோலார். ஓசூரிலிருந்தோ கிருட்டிணகிரியிலிருந்தோ புறப்பட்டால் ஓரிரண்டு மணி நேரத்தில் சென்று சேரலாம். அப்பட்டம் முன்னோர் வழிவந்த மரபுப் பெயரே என்று கொண்டாலும், கன்னட நிலத்தின் பழைய தலைநகர் ஒன்றைத் தன் பெயரில் சுமந்த ஒருவன் சமண முனிவர் ஒருவரை வேண்டித் தமிழுக்கு இலக்கணம் செய்வித்தான் என்பது நிற்கிறது. எல்லைக்கோடு இருபதாம் நூற்றாண்டின் பொருள் என்பதை நினைவூட்ட இதைவிட நல்ல சான்று நம்மிடம் இல்லை.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது காற்பங்கு. உடன் பயில்வோரோடு கலந்து பேசிப் பழகுவதால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேர்கிறது. ஆசானுக்கும் உடன் பயிலும் தோழர்க்கும் சம பங்கு கொடுத்த இக்கணக்கை நம் பள்ளிக்கூடங்கள் இன்றும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அதே பாயிரத்தில் எழுவகை மதம் சொல்லப்படுகிறது. நூல் செய்வோன் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் ஏழு வழிகள் அவை. பிறர் கருத்துக்கு உடன்படுவது ஒன்று, மறுப்பது ஒன்று, முதலில் உடன்பட்டுப் பின் களைவது ஒன்று, தானே ஒரு பொருளை நாட்டி அதைக் கடைசிவரை நிலைநிறுத்துவது ஒன்று, இருவர் மாறுபட்டு நிற்கையில் ஒருபக்கம் துணிவது ஒன்று, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது ஒன்று, எவரோடும் சேராமல் தன் கருத்தையே கொள்வது ஒன்று. ஏழிலும் உடன்படலே முதலில் நிற்கிறது. வரிசைக்கு உரையாசிரியர் எவரும் பெரிய காரணம் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்த ஏழில் நம் விமரிசன அமர்வுகள் கைக்கொண்டவை பெரும்பாலும் இரண்டாவதும் ஆறாவதுமே என்பதை நம் குறிப்பேடு காட்டிக்கொடுக்கிறது.

சொல்லதிகாரத்திற்குச் சென்றால் வினா ஆறு, விடை எட்டு. தான் அறிந்ததையே பிறரைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. அறியாமல் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ என்று கேட்பது ஐயவினா. இவற்றோடு கொள்வதற்காகக் கேட்பது, கொடுப்பதற்காகக் கேட்பது, ஏவுவதற்காகக் கேட்பது என மூன்று. ஒரே வடிவில் நிற்கும் வாக்கியம், கேட்பவனின் உள்ளக்கிடக்கையால் ஆறாகப் பிரிகிறது. கூட்டத்தில் எழும் வினாக்களில் எத்தனை அறியாவினா, எத்தனை அறியாவினாவின் வேடம் பூண்ட அறிவினா என்று எண்ணிப் பார்த்தால் அக்கூட்டத்தின் நலம் தெரிந்துவிடும்.

விடைகளில் முதல் மூன்று நேரானவை: சுட்டிக் காட்டுவது, மறுப்பது, இசைவது. மற்ற ஐந்தும் சுற்றி வருபவை. "இதைச் செய்வாயா?" என்று கேட்டால், "நீயே செய்" என்பான் ஒருவன், "செய்யாமல் இருப்பேனா?" என்பான் ஒருவன், "உடம்பு நொந்தது" என்பான் ஒருவன், "உடம்பு நோகும்" என்பான் ஒருவன், "வேறொன்று செய்வேன்" என்பான் ஒருவன். சிப்காட்டில் எந்தத் தொழிற்சாலையிலும் இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் கேட்கும் சூப்பர்வைசர் இவ்வைந்தையும் ஒரே மாலையில் கேட்டுவிடலாம். இவற்றையும் விடையென்றே இலக்கணம் கொண்டிருக்கிறது. "கேட்டதற்குப் பதில் சொல்" என்று அதட்டுகிறவன், வந்துவிட்ட விடையைக் கேட்கத் தவறியவன்.

இலக்கணத்திலிருந்து நம் மண்ணின் மனிதர் ஒருவருக்கு வருகிறேன். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10ஆம் நாள் பிறந்த இராஜாஜியைப் பற்றிப் பேச எவ்வளவோ உண்டு. அவரோடு மாறுபடவும் எவ்வளவோ உண்டு. இங்கே அவருடைய இரண்டு கூட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்றில் அவர் வென்றார், ஒன்றில் தோற்றார்.

முதலாவது, 1922 டிசம்பரில் கயையில் கூடிய காங்கிரசு. காந்தியடிகள் சிறையில் இருந்தார். சட்டமன்றங்களுக்குள் புகுந்து போராடலாம் என்றார் மாநாட்டுத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ். ஒத்துழையாமையில் எள்ளளவும் மாற்றம் கூடாது என்றார் இராஜாஜி. வாக்கெடுப்பில் இராஜாஜியின் பக்கம் வென்றது. தாஸ் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகி, மோதிலால் நேருவோடு சேர்ந்து 1923 ஜனவரி முதல் நாளில் சுயராஜ்யக் கட்சியைக் கண்டார். அவ்வாண்டு செப்டம்பரில் தில்லியில் கூடிய சிறப்பு மாநாடு சட்டமன்றப் புகுதலை அனுமதித்தது. கயையின் வெற்றி ஒன்பது மாதங்கூட முழுமையாக நிற்கவில்லை.

இரண்டாவது, 1942. முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டு அதனோடு பேசித் தேசிய அரசு அமைக்க வேண்டும் என்று சென்னைச் சட்டமன்றக் காங்கிரசார் ஏப்ரல் 23ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் தீர்மானித்தனர். அகில இந்தியக் காங்கிரசுக் குழு அலகாபாத்தில் கூடியபோது அவர் எழுந்து அதையே வலியுறுத்தினார். எதிர்த்தவர் 120 பேர். ஆதரித்தவர் 15 பேர். காரியக் கமிட்டியை விட்டு விலகினார். ஜூலையில் காங்கிரசையே விட்டு விலகினார். ஆயினும் காந்தியடிகளோடு பேசுவதை நிறுத்தவில்லை. 1944 செப்டம்பரில் காந்தியடிகளும் ஜின்னாவும் பேச அமர்ந்தபோது அப்பேச்சுக்கு அடிப்படையாக இருந்தது இராஜாஜி வகுத்த திட்டமே. பேச்சு முறிந்தது என்பது வேறு.

பிரிவினை பற்றிய அவர் நிலைப்பாடு சரியா தவறா என்னும் வழக்கில் நான் தீர்ப்புக் கூறப் போவதில்லை. வாக்குக் கணக்கில் தோற்றவருடைய சொல் அவையை விட்டு வெளியேறாமல் தங்கியதையும், வாக்குக் கணக்கில் வென்றவருடைய சொல்லால் அவை இரண்டாகப் பிளந்ததையும், அவ்விருவரும் ஒருவரே என்பதையும் மட்டும் குறிக்கிறேன். நவீனப் பட்டிமன்றத்தில் இது நேராது. அங்கே இரு அணிகளும் வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு வருகின்றன. நடுவரும் அப்படியே வருகிறார். சிலம்பிலும் மேகலையிலும் பெயர் சொல்லப்படும் பட்டிமண்டபம் சமய வாதிகள் தம் நெறிக்காக நின்று வாதிட்ட இடம். தோற்றால் சமயத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்ததாக நீலகேசி மரபு சொல்கிறது. நமக்கோ தோற்றாலும் பொன்னாடை உண்டு.

இனி நம் காலத்து ஓசூர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை இங்கே வந்தது. 1980இல் அசோக் லேலண்டும், அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 வண்டியும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகாரமும் ஓசூரின் பெயரை வெளியே கொண்டுசென்றன. வேலைக்கு வந்தவர்கள் தருமபுரி, சேலம், வடாற்காடு மாவட்டத்தார். உள்ளூரிலிருந்து தெலுங்கரும் கன்னடரும் உருதுவில் பேசுவோரும். தமிழில் தொடங்கிய வாக்கியம் கன்னடத்தில் முடிவது இங்கே இயல்பு.

தொழிற்சாலைக்குள் கூடிப் பேசுவதற்கு ஒரு சட்ட ஏற்பாடு முன்னரே இருந்தது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் இருதரப்பாரும் அமரும் பணிக்குழு அமைக்க வழிசெய்தது. ஆனால் நான் சொல்லவந்தது வேறொன்று. ஜப்பானில் 1962இல் காவோரு இஷிகாவா என்னும் பேராசிரியரின் முயற்சியில் தோன்றிய 'குவாலிட்டி சர்க்கிள்' என்னும் தர வட்டம், 1980இல் ஐதராபாத் பாரத மிகுமின் நிறுவனத்தில் இந்தியாவுக்குள் நுழைந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நான் வேலை செய்த இடத்திற்கும் வந்து சேர்ந்தது. ஒரே பகுதியில் வேலை செய்யும் ஏழெட்டுப் பேர் வாரம் ஒரு மணி நேரம் அமர்ந்து தம் வேலையிலுள்ள ஒரு குறையைத் தாமே ஆராய வேண்டும். அதில் ஒரு விதி: காரணங்களைச் சொல்லும்போது ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கக் கூடாது, எல்லாவற்றையும் பலகையில் எழுதிய பின்னரே ஆராய்ச்சி. அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்னும் அமெரிக்க விளம்பரத் துறையாளர் தம் அலுவலகக் கூட்டங்களுக்காக வகுத்து 1953இல் நூலாக விரித்துரைத்த விதி அது. மானூர்ச் சபையார் ஐந்து காசு தண்டத்தால் செய்ய முயன்றதை அவர் முறைமாற்றத்தால் செய்தார் எனலாம்.

எங்கள் வட்டத்தில் தளிப் பக்கத்துக் கன்னடக்காரர் ஒருவர் இருந்தார். எனக்கு மூத்தவர், அண்ணா என்றுதான் அழைப்போம். ஏழு வாரம் வாய் திறக்கவில்லை. துளையிடும் இயந்திரத்தில் துளை இடம் விலகுகிறது என்பது நாங்கள் எடுத்துக்கொண்ட குறை. துரப்பணத்தின் முனை, இயந்திரத்தின் வயது, இரவு ஷிப்டின் அயர்ச்சி என்று பலகை நிறைய எழுதினோம். எட்டாம் வாரம் எங்கள் தலைவர், அண்ணாவைப் பார்த்து, "நீங்கள் எதுவும் சொல்லவில்லையே" என்று கேட்கவில்லை. சுண்ணக்கட்டியைக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அண்ணா எழுந்து படம் ஒன்று வரைந்தார். பொருளைப் பிடித்துவைக்கும் ஜிக்கின் மூலையில், அது அமரும் இடத்தில், நெல்மணி அளவு இரும்புச் சீவல் தங்கியிருப்பதாக வரைந்து அதைச் சுற்றி ஒரு வட்டமிட்டார். அவ்வளவே. மறுநாள் காற்றுக் குழாயால் அம்மூலையை ஊதிய பின் பொருத்தினோம். துளை இடத்தில் நின்றது. "இதை முதல் வாரமே சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றேன். "முதல் வாரமே நீங்கள் எல்லோரும் தமிழில் ரொம்ப வேகமாக இருந்தீர்களே" என்றார். நன்னூல் சொல்லும் எட்டு விடைகளில் இது உற்றது உரைத்தல்.

அந்தத் தர வட்டத்தில் ஒன்பது ஆண்டுகள் அமர்ந்தவன் நான். அங்கே கற்றதை நம் இலக்கிய வட்டத்திற்குக் கொண்டுவந்தேனா என்றால், இல்லை.

நம் வட்டத்தின் மூன்றாம் ஆண்டில், ஓர் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். வீட்டில் பேசுவது தெலுங்கு. வேலை ஒரு தொழிற்சாலையில். முதல் கவிதையை வாசித்தாள். இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் பேருந்தில், சன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து உறங்கிய தோழியின் நெற்றிப்பொட்டு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தனியே ஊர்வரை பயணம் செய்ததைப் பற்றியது அது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் எனக்கு நினைவில் நிற்கிறது. அன்று முதலில் எழுந்தவன் நான். ளகர ழகர மயக்கம் மூன்று இடங்களில் இருந்ததையும், ஒருமை பன்மை முரணியதையும், யாப்பு ஏதும் அறியாமல் எழுதத் துணிவதன் ஆபத்தையும் எடுத்துச் சொன்னேன். இருபது நிமிடம் பேசினேன் என்று பின்னர் நண்பர் ஒருவர் சொன்னார். சொன்னவற்றில் பிழை ஒன்றும் இல்லை. அந்தப் பொட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது என்பதைச் சொல்வது ஆராய்ச்சி ஆகாது என்று எண்ணிவிட்டேன்.

வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் மேலும் இரண்டு மாதங்களுக்கு இருக்கிறது. அதன்பின் இல்லை. அவள் எழுதுகிறாளா என்று விசாரித்தேன். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இம்மலருக்காக அந்நாளின் கூட்டக் குறிப்பைத் தேடி எடுத்தேன். செயலர் அன்று வராததால் குறிப்பெழுதும் பொறுப்பும் எனக்கே வாய்த்திருந்தது. வந்தவர் பதினான்கு பேர் என்று இருக்கிறது. தேநீருக்கான செலவு இருக்கிறது. புதிய உறுப்பினர் ஒருவர் கவிதை வாசித்தார் என்று இருக்கிறது. அதற்குக் கீழே, என் கையெழுத்தில், 'விவாதம் சிறப்பாக நடைபெற்றது' என்று இருக்கிறது.